அந்துருண்டை வாசம்

தடால்!

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

பரண்மேல் இருந்த தகரப் பெட்டி கீழே வந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஸ்டூலின் மேல் நின்ற கொழுந்தன் நசுங்கிய விரலை உதறிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்த கறுப்புக் கோட்டு, யாரோ குப்புற விழுந்ததுபோல் ஒரு கையை நீட்டிக் கிடந்தது. அந்துருண்டைகள் மூலைக்கொன்றாக ஓடின. ஒன்று மட்டும் நிதானமாக உருண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கிடையே புகுந்து, புரொபசர் படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் போய் நின்றது.

"மெதுவா எடுக்கக் கூடாதா?" என்றாள் புரொபசரின் மனைவி லேப் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"நான் மெதுவாத்தான் எடுத்தேன் அண்ணி. கோட்டுக்குத்தான் அவசரம்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செத்துப்போனவர் இருந்திருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பார்.

கோட்டை எடுக்கச் சொன்னது துறைத் தலைவர். புரொபசரிடம் படித்து, புரொபசருக்குக் கீழே வேலை பார்த்து, புரொபசர் ஓய்வுபெற்றதும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். பார்க்கும்போதெல்லாம் இடுப்பு வரை வளைந்து வணங்குவார் என்பதால் லேப் அம்மா அவருக்கு வைத்திருந்த பெயர் கூழைக்கும்பிடு. புரொபசருக்கும் அந்தப் பெயர் தெரியும். போனில் அவரோடு பேசும்போதே இவளைப் பார்த்து இடுப்பை வளைத்துக் காட்டுவார்.

"இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் மேடம் சார் அத்தனை குளிர்காலம் ரஷ்யாவுல இருந்தாரு. காலடியில மடிச்சு வச்சா ஒரு கவுரவம். ஒரு போட்டோ எடுத்து நினைவு மலர்ல போட்டுடலாம்."

ரஷ்ய வரலாறு என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் புரொபசர்தான். மற்றவர்கள் ஜார் மன்னர்களைப் பற்றியும் புரட்சியைப் பற்றியும் எழுதியபோது, அவர் ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களைப் பற்றி எழுதினார். அதுதான் முதல் புத்தகம். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் போர்க்காலத்துச் செய்தித்தாள்களில் வந்த 'காணவில்லை' விளம்பரங்களைப் பற்றி. தொலைந்த கையுறை, தொலைந்த ஆடு, ரயில் நிலையத்தில் கை நழுவிப்போன தங்கை. "ராஜா எங்க போனான்னு எல்லாருக்கும் தெரியும். கையுறையைத் தொலைச்சவன் எங்க போனான்? அதைத் தேடுங்க" என்பார் வகுப்பில். "யார் பேரு இருக்குன்னு பார்க்காதீங்க. யார் பேரு இல்லைன்னு பாருங்க" என்றும் சொல்வார்.

அந்தப் பாடத்தை அவருடைய மாணவர்கள் எல்லாரையும்விட நன்றாகப் படித்தவள் அவருடைய மனைவி.

லேப் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு துளியை இரண்டு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டாள். டாக்டர்கள் எரிச்சலோடும் நோயாளிகள் நன்றியோடும் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது அவள் கோட்டைப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் வாசம் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாத வாசம்.

முதல் தடவை ரஷ்யாவிலிருந்து திரும்பி வந்தபோது அந்தக் கோட்டில் என்னென்னவோ வாசம் இருந்தது. கரிப்புகை, ஈரக் கம்பளி, யாருடைய சிகரெட்டோ. கீழ் ஓரமெல்லாம் உப்புப் பூத்த கறை. ஒரு பொத்தானைக் காணோம். தெருவில் பனி உருகுவதற்கு உப்புப் போடுவார்கள் என்று அவர் சொன்னதை மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு வாய் பிளந்து கேட்டாள். தொலைந்த பொத்தானுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை வாங்கி அவளே தைத்தாள்.

முதல் புத்தகம் வெளிவந்ததும், அடுத்த குளிர்காலம் மறுபடி போனார். ரயில் நிலையத்தில் பாதித் தெருவே நின்று வழியனுப்பியது. மூன்று மாதம் கழித்துத் திரும்பினார். ஆசையாகக் கோட்டில் முகத்தைப் புதைத்தாள்.

அந்துருண்டை வாசம்!

அவள் கொடுத்தனுப்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே. கறை இல்லை, புகை இல்லை. அவள் தைத்த பொத்தானின் நூல்கூட நலுங்கவில்லை. ஆனால் மடிப்பு மட்டும் மாறியிருந்தது. அவள் நீளவாக்கில் மடித்து அனுப்பியது, கைகள் இரண்டையும் உள்ளே இழுத்து, காலரைக் கவிழ்த்து, மூன்றாக மடிந்து வந்திருந்தது. புரொபசருக்கு ஒரு கைக்குட்டையைக்கூட ஒழுங்காக மடிக்க வராது.

கடும் நோயாளியிடமிருந்து சுத்தமான ரத்தம் வந்தால் பரிசோதனைக் கூடத்தில் ஒரே ஒரு அர்த்தம்தான். சாம்பிள் மாறியிருக்கிறது.

அங்கே ஒருத்தி இருக்கிறாள். இந்தக் கோட்டை வாங்கி வைத்துவிட்டு வேறு கோட்டு கொடுக்கிற ஒருத்தி. பீரோ உள்ள ஒருத்தி. மடிக்கத் தெரிந்த ஒருத்தி.

அதற்குப் பிறகு ஆதாரங்கள் தாமாகவே வந்து குவிந்தன. முதல் புத்தகத்தின் முன்னுரையில் அந்த நாட்டுக்காரர்கள் ஒரு பக்கத்துக்கு நன்றி பெற்றிருந்தார்கள். இரண்டாவது புத்தகத்திலிருந்து ஒருவர் பெயரும் இல்லை. 'என் மனைவிக்கு' என்று மட்டும் இருந்தது. ஒரு பெயரை மறைக்க எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியாதா? அங்கிருந்து கடிதம் வராது. கேட்டால், "பிரிச்சுப் படிப்பாங்க" என்பார். போன் வராது. "ஒட்டுக் கேப்பாங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் சிவப்பும் பொன்னுமாகச் சாயம் பூசிய மரக் கரண்டி ஒன்று கொண்டு வருவார். மகள் அதையெல்லாம் வரிசையாக மாட்டி வைத்தாள். ஓய்வுபெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் கரண்டி வருவதும் நின்றது. குற்ற உணர்ச்சியும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

"அம்மா" என்று மகள் காதருகே குனிந்தாள். "வாசல்ல ஒரு அம்மா நிக்கறாங்க. உள்ள வரவும் மாட்டேங்கறாங்க, போகவும் மாட்டேங்கறாங்க."

லேப் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அவளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நரைத்த தலையை இறுக்கி வாரி முடிந்திருந்தாள். தோளில் துணிப்பை. கையில் வெள்ளைப் பூக்கள், காம்போடு. அந்தப் பெண் வாசற்படியில் நின்று பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு ஒரு பூவை மட்டும் உருவித் துணிப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

லேப் அம்மாவும் மனசுக்குள் எண்ணினாள்.

பூக்காரியோ பக்கத்து வீட்டுக்காரியோ செய்கிற காரியமில்லை அது. ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சிநேகிதிக்கு அவள் பூ வாங்கியபோது, புரொபசர் பதறிப்போய் ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். "ரஷ்யாக்காரன் பார்த்தா அடிக்க வருவான்! இரட்டைப்படையில பூ, செத்தவங்களுக்கு. உசுரோட இருக்கறவங்களுக்கு ஒத்தைப்படைதான்." அதிலிருந்து இந்த வீட்டுக்குள் பூ எண்ணித்தான் வரும். இந்த வீட்டுக்கு வெளியே அதைத் தெரிந்து வைத்திருப்பவள் யார்?

வந்தவள் பூக்களைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். அழவில்லை. குனிந்து, உள்ளே இருந்த முகத்தை, தெரிந்த வீட்டு ஜன்னலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். திரும்பும்போது தரையில் கிடந்த கோட்டு கண்ணில் பட்டது. யாரையும் கேட்காமல் எடுத்தாள். ஒரு உதறு. கைகள் இரண்டும் உள்ளே போயின. காலர் கவிழ்ந்தது. மூன்று மடிப்பு.

லேப் அம்மா கண்ணை மூடித் திறந்தாள். இரண்டாவது தடவை பார்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று.

கோட்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்த விரல்களைக் கவனித்தாள். இடது ஆள்காட்டி விரல் நுனி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்துக் காயம். சர்க்கரை இருக்கிறது, அடிக்கடி குத்திப் பார்க்கிறாள் என்று புத்தி அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. சர்க்கரை வருகிற வரைக்கும் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறாள்.

"யாரு மேடம் அந்தம்மா?" கூழைக்கும்பிடு எப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை. "கோட்டை மடிச்ச பழக்கத்தைப் பார்த்தா சாருக்கு ரொம்ப வேண்டியவங்க மாதிரி..."

"வந்தவங்க எல்லாருமே வேண்டியவங்கதான்."

"அதுவும் சரிதான்." குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல பேசக் கூடாது. ஆனா நாளைக்குக் கமிட்டி கூடுது. புது அரங்கத்துக்குச் சார் பேரை வைக்கணும்னு நான்தான் ஒத்தைக் கால்ல நிக்கறேன். சில பேரு சந்தேகம் கிளப்பறாங்க."

"என்ன சந்தேகம்?"

"போன வருஷம் நான் அங்க போனேன்ல? ஆவணக் காப்பகத்துல சார் பேரைப் பெருமையா எடுத்து விட்டேன். அங்க ஒரு வயசான அம்மா, ஆதி காலத்துலேருந்து அங்கேயே வேலை பார்க்கறவங்க, 'அவரா? ஒரே ஒரு குளிர்காலம் வந்தாரு. அப்புறம் இந்தப் பக்கமே காணோமே'ன்னாங்க. நான் வாயே திறக்கலை மேடம். ஆனா கூட வந்தவன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். சம்பளத்தோட லீவு வாங்கிட்டு இவரு எங்கதான் போனாருன்னு கேக்கறாங்க. போகவே இல்லைன்னு வந்துட்டா, எழுதினது எல்லாமே பொய்யின்னு ஆயிடும் பாருங்க. அரங்கம் மட்டுமா, புத்தகத்தைப் பாடத்துலேருந்தே தூக்கிடுவாங்க."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். வளைந்த இடுப்புக்கு மேலே கண்கள் மட்டும் நேராக நின்றன.

லேப் அம்மாவுக்கு வேறொன்று கேட்டது. காப்பகத்துக்கே போகவில்லை. அப்படியானால் மூன்று மாதமும் அந்த வீட்டிலேயேதான்.

எழுந்து நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"உள்ள வாங்க. கொஞ்சம் பேசணும்."

புரொபசரின் படிப்பறை. சுவர் முழுக்கப் புத்தகம், மேஜை முழுக்கக் காகிதம், நாற்காலியின் முதுகில் அவருடைய துண்டு. லேப் அம்மா கதவை முக்கால்வாசி சாத்தினாள்.

"உக்காருங்க."

"பரவால்லைங்க. நீங்க உக்காருங்க. காலையிலேருந்து நின்னுட்டே இருந்திருப்பீங்க."

அந்த அக்கறை அவளைச் சுட்டது. "அவரு உங்க வீட்டுலதான் இருந்தாரா?"

மறுப்பாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தாள். "ஆமாங்க. மாடியில."

"வருஷா வருஷம்."

"ஆமாங்க."

இத்தனை சுலபமா? எத்தனையோ வருஷமாகப் பூட்டி வைத்திருந்த கேள்வி, தாழ்ப்பாளே இல்லாத கதவைத் தள்ளியதுபோல் உள்ளே போய் விழுந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

"மாடியில குளிராதா?"

"குளிரா?" அந்தப் பெண் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "தகரக் கூரைங்க. உள்ள வெந்துடும். ஃபேனைப் போட்டா பேப்பர் பறக்குதுன்னு அதையும் நிறுத்திடுவாரு. பனியனோட உக்காந்து எழுதுவாரு. பிழிஞ்சா ஒரு குடம் வேர்வை வரும்."

லேப் அம்மா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"துறைமுகத்துப் பக்கங்க. இங்கேருந்து காலை வண்டியில ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

வெளியே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம். யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள் அந்தப் பெண், பயந்த குரலில். "அவரு சொல்லியிருப்பாருன்னு..."

"இப்ப நீங்க சொல்லுங்க."

துண்டு துண்டாகத்தான் வந்தது. அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். புரொபசர் முதல் தடவை திரும்பி வந்தது அந்தக் கப்பலில்தான். அப்பா ஒவ்வொரு பயணத்திலும் கண்ணாடிச் சாமானும் மரக் கரண்டியும் வாங்கி வருவார். உடையாமல் இருக்கச் சுற்றுவதற்கு ஏதோ நூலகத்தில் கழித்துப் போட்ட பழைய செய்தித்தாள்களை எடைக்கு வாங்கிக் கட்டுக் கட்டாகக் கொண்டு வந்து மாடியில் போட்டிருந்தார்.

"அதுக்கு அடுத்த வருஷம் கோட்டும் பெட்டியுமா வந்து நின்னாரு. அவரோட முதல் புத்தகம் அந்த நாட்டுக்காரங்களுக்குப் பிடிக்கலையாம். உள்ள விட மாட்டோம்னுட்டாங்களாம். 'மறுபடி எழுதிப் போட்டிருக்கேன், ஒரு வாரத்துல அனுமதி வந்துடும். ஊரே வந்து வழியனுப்பிட்டாங்க, எப்படித் திரும்பிப் போறது? அது வரைக்கும் மாடியில இருந்துக்கறேன்'னாரு. அப்பா சரின்னாரு. வாரம் போச்சு, மாசம் போச்சு, அனுமதி வரலை. அதுக்குள்ள அந்தப் பேப்பரைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டாக்கூடக் கேக்காது."

"காணவில்லை விளம்பரம்" என்றாள் லேப் அம்மா மெதுவாக.

"அதேதாங்க. ஒண்ணு ஒண்ணா எங்களுக்குப் படிச்சுச் சொல்லுவாரு. ஒரு ஆடு தொலைஞ்சதுக்கு எங்கப்பா அழுதிருக்காரு." அவள் உதட்டோரம் சிரிப்பு வந்து போயிற்று. "வருஷா வருஷம் எழுதிப் போடுவாரு, இந்தத் தடவை விட்டுடுவாங்கன்னு நம்பித்தான் வீட்டுலேருந்து கிளம்புவாரு. அதான் கோட்டு. வந்ததும் எங்கிட்ட குடுத்துடுவாரு. நான் தையக்காரிங்க, துணின்னா பார்த்துக்கிட்டிருக்க முடியாது. அந்துருண்டை போட்டு பீரோவுல வச்சு, போகும்போது மடிச்சுக் குடுப்பேன். உங்களுக்குன்னு ஒரு கரண்டியையும் எடுத்துக் குடுப்பேன். ஒரு கட்டத்துல கரண்டியும் தீர்ந்துபோச்சு."

புள்ளி புள்ளியாகக் குத்துப்பட்ட விரல், பேச்சினூடே பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய தழும்பு. லேப் அம்மா அதை இப்போது இரண்டாவது தடவையாகப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" அவளுக்கே கேட்காத குரலில் கேட்டாள்.

"நான் திட்டியிருக்கேங்க. அப்பாவும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாரு. இவருதான், 'என் வீட்டுக்காரி ரொம்பக் கெட்டிக்காரி. ஒரு பொத்தானைக்கூட ரெண்டு தடவை பார்ப்பா. இந்தக் கோட்டை மோந்து பார்த்தாலே அவளுக்குத் தெரிஞ்சிடும். கண்டுபிடிச்சுக் கேக்கட்டும், எல்லாத்தையும் கொட்டிடறேன்'னு சிரிப்பாரு. ஒவ்வொரு வருஷமும் திரும்பி வந்ததும் கேப்பேன், கேட்டாங்களான்னு. 'கேக்கலை'ன்னுட்டுப் பேசாம மாடியேறிப் போயிடுவாரு."

லேப் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். புரொபசரின் துண்டு அவள் தோளில் சரிந்தது. எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்தாள். நீளவாக்கில் ஒரு தடவை, மூன்றாக ஒரு தடவை.

"மன்னிச்சுக்குங்க. பேப்பர்ல செய்தி பார்த்தேன். வராம இருக்க முடியலை." அந்தப் பெண் துணிப்பைக்குள் கைவிட்டு, வாசலில் உருவி வைத்த பூவை எடுத்தாள். காம்பு லேசாக நசுங்கியிருந்தது. "இது உங்களுக்கு. ஒத்தைப்படைதான் குடுக்கணும்னு அவருதான்..."

லேப் அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கதவு தானாகத் திறப்பதுபோல் திறந்தது. கூழைக்கும்பிடு தலையை மட்டும் உள்ளே நீட்டினார். அவர் தோளுக்குப் பின்னால் மகளும் கொழுந்தனும் நின்றார்கள்.

"வண்டி வந்துடுச்சு மேடம். எடுத்துடலாமா?" கேள்வி அவளிடம். பார்வை அந்தப் பெண்ணிடம். அப்படியே மேஜைக் காகிதங்கள், அலமாரி, பூ எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "தப்பா நினைக்காதீங்க. இவங்க யாருன்னு... நினைவு மலர்க் கட்டுரையில வந்தவங்க பேரெல்லாம் போடணும். நாளைக்குக் கமிட்டியிலயும் கேப்பாங்க."

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். லேப் அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"அம்மா?" என்றாள் மகள்.

லேப் அம்மா பூவைப் பிடித்த கையாலேயே துண்டைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு எழுந்தாள். கூழைக்கும்பிடின் கண்களைப் பார்த்தாள். தெருவில் வண்டி நின்றபடி உறுமிக்கொண்டிருந்தது. கூடம் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அவள் குரல் அங்கே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"எழுதிக்குங்க. இவங்க ரஷ்யாவுல இருந்தவங்க. வருஷா வருஷம் அவரு அங்க இவங்க வீட்டுலதான் இருந்தாரு, காப்பகத்துப் பக்கம் எங்க போகப் போறாரு?"